கவுன்ட்டரா, வார்டா, கம்பெனியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பார்மசி படிப்பைப் பற்றிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணிக் கொடுத்தவள், அப்புறம் கல்லூரியில் பாடமும் எடுத்தவள் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் மேஜைக்குத் தள்ளிவிட்டார். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழில் இடம் கொண்ட மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

"நீட்டில் மார்க் வரவில்லை. பயோ-மேத்ஸ் குரூப். அப்பா 'சரி, பார்மசியாவது சேர்ந்துவிடு' என்கிறார். பி.பார்ம் நல்லதா, பார்ம்.டி. நல்லதா? எனக்கு எதுவுமே புரியவில்லை மேடம்." – மாணவி, தென்காசி

அம்மாடி, முதலில் நீட்டை மறந்துவிடு. இந்தப் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.பார்ம் இடங்களை பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தருகிறார்கள். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நர்சிங், பிசியோதெரபி போன்றவற்றோடு சேர்த்து விண்ணப்பம் வாங்கும். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் பி.பார்ம் இருக்கிறது. தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாத அளவு அங்கே செலவு குறைவு. அதனால் கட் ஆஃப் ஏறித்தான் இருக்கும். கிடைக்காது என்று நீயாக முடிவு கட்டாமல் முதல் இரண்டு சாய்ஸாக அவற்றைப் போடு.

எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். நீ எங்கே வேலை பார்க்க ஆசைப்படுகிறாய் என்று தெரியாமல் நான் எப்படிச் சொல்வேன்?

பி.பார்ம் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். மருந்து எப்படி உருவாகிறது, எந்த வேதிப்பொருள், மாத்திரையாக அழுத்தும்போது என்ன ஆகிறது, உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, தரம் சரியா என்று எப்படிச் சோதிப்பது என எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். லேப் வேலை நிறைய. படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் மருந்துக் கம்பெனிப் பக்கம் போகிறார்கள். சென்னைக்குப் பக்கத்து ஆலத்தூர் சிட்கோ தொழிற்பேட்டை, புதுச்சேரி, ஓசூர் பக்கம் தயாரிப்பு, தரக்கட்டுப்பாடு, தர உறுதி வேலைகள் உண்டு. மருந்துத் தயாரிப்பை மேற்பார்வை பார்க்கும் தொழில்நுட்ப ஆளாகச் சட்டப்படி கையெழுத்துப் போட, பார்மசி பட்டதாரிக்கு 18 மாத அனுபவம் போதும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவருக்கு 3 வருடம் வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால், அதற்கு டிப்ளமோ செல்லாது, பட்டம்தான். டி.என்.பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுப்பார்கள். ஆசிரியராகவோ ஆராய்ச்சிக்கோ போக விரும்பினால் ஜிபேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதி, மேற்படிப்பான எம்.பார்ம் சேரலாம். ஜிபேட்டில் தகுதி பெற்று, அங்கீகாரம் உள்ள கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. வீட்டில் இரண்டு வருடம் கை நீட்டாமல் படித்துவிடலாம்.

பார்ம்.டி. வேறு ரகம். 2008-ல் இந்தியாவுக்கு வந்த படிப்பு. ஐந்து வருடப் பாடம், ஆறாவது வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப். அந்த ஒரு வருடத்தில் ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவு, மற்ற மூன்று பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். இரண்டாம் வருடத்திலிருந்தே மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், ஐந்தாம் வருடம் டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போக வேண்டும்.

அங்கே என்ன வேலை என்று கேட்கிறாயா? இதய வால்வு மாற்றிய ஒருவர், ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்று வை. வயிற்றுப் பிரச்சினைக்கு வேறொரு டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதுகிறார். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறையாத தன்மை கூடிப்போய் உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். கேஸ் ஷீட்டைப் புரட்டும்போது அது கண்ணில் பட வேண்டும். பட்டதும் டாக்டரிடம் போய்ப் பணிவாக, ஆனால் விடாமல், சொல்ல வேண்டும். கிட்னி பழுதானவருக்கு எழுதிய ஆன்டிபயாட்டிக் அளவு அவர் கிரியாட்டினினுக்கு, அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவுக்கு, பொருந்துகிறதா என்று கணக்குப் போட வேண்டும். இந்த வேலை பிடித்துப்போனவர்கள் வேறு எதற்கும் திரும்ப மாட்டார்கள். என் மாணவிகள் சிலரைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். ஆறு வருடம் படித்தவர்களுக்கு ஏற்ற இடம் நம் மருத்துவமனைகளில் இன்னும் போதுமான அளவு உருவாகவில்லை. பெரிய தனியார் மருத்துவமனைகளில் கிளினிக்கல் பார்மசிஸ்ட்டாக எடுக்கிறார்கள். ஆரம்பச் சம்பளத்தைப் பார்த்தால் ஆறு வருடத்துக்கு இதுதானா என்று கண் கலங்கும். நிறைய பேர் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் நிறுவனங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது மோசமான வேலை இல்லை. ஆனால் வார்டுக்கு ஆசைப்பட்டவளுக்கு அது வார்டு இல்லை.

வீட்டுப் பணநிலைமை இறுக்கமாக இருந்தால் பி.பார்ம் சேர். முடித்த பிறகும் வார்டு ஆசை மிச்சமிருந்தால் மூன்று வருடப் பார்ம்.டி. இருக்கிறது, பி.பார்ம் முடித்தவர்களை நேரே நான்காம் வருடத்தில் சேர்ப்பார்கள். கல்லூரிக்குப் பத்து இடம்தான், அதனால் போட்டி இருக்கும்.

"மேத்ஸ் குரூப். உயிரியலே படித்ததில்லை. சேர முடியுமா?" – மாணவர், நாமக்கல்

முடியும். இயற்பியல், வேதியியலோடு கணக்கு அல்லது உயிரியல், ஏதாவது ஒன்று இருந்தால் போதும். உனக்கு முதல் செமஸ்டரில் உயிரியலுக்கு ஓர் ஈடுகட்டும் பாடம் வைப்பார்கள். உயிரியல் படித்து கணக்கு படிக்காதவர்களுக்கு அதே போல் கணக்கு. இதற்காகப் பயந்து வேறு படிப்புக்கு ஓட வேண்டாம்.

"தேனிப் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் பல வருஷமா வேலை பார்க்கிறேன் அக்கா. டாக்டர் கையெழுத்தை ஓனரைவிட நான்தான் நல்லா படிப்பேன். பிளஸ் டூ-வில் காமர்ஸ். டி.பார்மைத் தபாலில் படிக்க வழி இருக்கா? வெளி மாநிலத்தில் சேர்த்துவிடுறேன், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்னு ஒரு ஏஜென்ட் சொல்றார்." – ஒரு தம்பி

தம்பி, உன் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைக்குள் உண்மையில் வேலை தெரிந்த ஆள் நீயாகத்தான் இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டி.பார்ம் என்கிற பார்மசி டிப்ளமோ தபாலில் கிடையாது. எந்த மாநிலத்திலும் கிடையாது. இரண்டு வருடம் நேரில் போய் உட்கார்ந்து படிக்க வேண்டும், முக்கால்வாசி நாள் வருகை இருக்க வேண்டும். அதன் பிறகு மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ 500 மணி நேரப் பயிற்சி, அதுவும் மூன்று மாதத்துக்குக் குறையாமல். "பரீட்சைக்கு மட்டும் வா" என்கிற ஏஜென்ட் விற்பது காகிதம். அந்தக் காகிதத்தோடு தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவுக்குப் போய் நிற்கும்போது, அட்டெண்டன்ஸ் எங்கே, பயிற்சிச் சான்று எங்கே என்று கேள்வி வரும். அப்போது ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். போதாக்குறைக்கு 2022-ல் புது விதி வந்திருக்கிறது. கல்லூரித் தேர்வில் பாஸ் ஆன பிறகு, பதிவு செய்யும் முன்னால் தனியாக ஒரு வெளியேறும் தேர்வு எழுத வேண்டும் என்கிறது. மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், மூன்றையும் ஒரே முறையில் தேற வேண்டும். வகுப்புக்கே போகாதவன் அதில் என்ன எழுதுவான்?

"எங்க ஓனரோட அப்பா படிக்காமலே பார்மசிஸ்ட்டா இருந்தாரே" என்று அடுத்து கேட்பாய். இருந்திருப்பார். 1948-ல் பார்மசி சட்டம் வந்தபோது, முதல் பதிவேடு எழுதும் சமயத்தில், ஐந்து வருடம் மருந்து கலக்கிக் கொடுத்த அனுபவம் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கதவு அந்தத் தலைமுறையோடு மூடியாகிவிட்டது.

உனக்கு என்ன வழி? காமர்ஸ் பிளஸ் டூ-வோடு டி.பார்ம் சேர முடியாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்து மறுபடி பன்னிரண்டாம் வகுப்பு எழுதலாம். வேலை பார்த்துக்கொண்டே செய்யக்கூடியது இது. ஆனால் பணம் கட்டும் முன்னால், அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்வதாகச் சேரப்போகும் கல்லூரியிடமும் மாநில பார்மசி கவுன்சிலிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். வாய்வார்த்தை வேண்டாம்.

இன்னொன்று, யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சில்லறைக் கடைக்குத்தான் பார்மசிஸ்ட் கட்டாயம். மொத்த வியாபார லைசென்ஸுக்கு, பத்தாம் வகுப்பு தேறி மருந்து வியாபாரத்தில் 4 வருட அனுபவம் உள்ளவரையும் தகுதியுள்ள நபராக ஏற்க விதியில் இடம் இருக்கிறது. குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் அனுபவச் சான்றைச் சரிபார்க்கும். அதனால் நீ வேலை பார்த்த வருடங்களுக்கு ஓனரிடம் முறையான சான்று இப்போதே வாங்கிவை. சரக்கு, எக்ஸ்பயரி, ரிட்டர்ன், எந்த டாக்டர் எதை எழுதுவார் என்று உனக்குத் தெரிந்ததெல்லாம் மொத்த வியாபாரத்தில்தான் காசாகும். படிப்பா வியாபாரமா என்று வீட்டில் பேசி முடிவு செய். ஏஜென்ட்டுக்கு மட்டும் ஒரு ரூபாய் கொடுக்காதே.

"டி.பார்ம் முடித்து கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். ஐ.டி. கம்பெனியில் வேலை. ஊரில் ஒரு கடைக்காரர் என் சர்டிபிகேட்டை மாத வாடகைக்குக் கேட்கிறார். எல்லோரும் செய்வதுதானே?" – வாசகர், கோவை

எல்லோரும் செய்யவில்லை. செய்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும்.

சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது விதி. மேற்பார்வை பார்க்கும் நீங்கள் கோவையில் கோடிங் எழுதிக்கொண்டிருப்பீர்கள். கடையில் ஷெட்யூல் எச்1 என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து விற்றால் தனி ரெஜிஸ்டரில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் வந்து அதைக் கேட்கும் நாளில் உங்கள் பெயரைத்தான் தேடுவார். கவுன்சிலுக்குப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கும் அதிகாரம் உண்டு. இது சட்டப் பக்கம்.

எனக்கு வயிறு எரிவது வேறு காரணத்துக்கு. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. வாரத்துக்கு ஒரு தடவை. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை அடிபட்டு ஆளே போய்விடலாம். என் ஜன்னலுக்கு ஒரு பாட்டி கொண்டுவந்த சீட்டில் அது தினம் ஒன்று என்று எழுதியிருந்தது. கூடவே ஃபோலிக் ஆசிட். எழுதிய இளம் டாக்டருக்குக் கை பழக்கத்தில் வந்த பிசகு. பாட்டியை உட்கார வைத்துவிட்டு ஓ.பி.க்கு நடந்துபோய்த் திருத்தி வாங்கி வந்தேன். அட்டையின் மேல் "ஞாயிறு மட்டும்" என்று பேனாவால் எழுதினேன். பாட்டிக்கு எழுத்து தெரியாது, சர்ச்சுக்குப் போகும் நாள் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார். உங்கள் சர்டிபிகேட் சுவரில் தொங்கும் கடைக்கு அந்தச் சீட்டு போனால் கவுன்ட்டரில் நிற்கும் பையன் முப்பது மாத்திரை கிழித்துக் கொடுத்து பில் போடுவான். அவன் மேல் தப்பில்லை.

வாடகை வேண்டாம். ஐ.டி. வேலை அலுத்துவிட்டால் லேட்டரல் என்ட்ரியில் பி.பார்ம் சேருங்கள். அடுத்த பதிலைப் படியுங்கள்.

"டி.பார்ம் கடைசி வருடம். பி.பார்ம் நேரடி இரண்டாம் வருடம் சேர்வது புத்திசாலித்தனமா, இல்லை வேலைக்குப் போவதா?" – மாணவர், விழுப்புரம்

சேர்ந்தால் மூன்றாவது செமஸ்டரில் நுழைவாய், மூன்று வருடத்தில் பட்டம். முதல் இரண்டு செமஸ்டரின் பெரும்பகுதி மதிப்பு டி.பார்முக்காகக் கொடுத்துவிடுவார்கள். தகவல் தொடர்புத் திறன், பார்மசியில் கம்ப்யூட்டர் பயன்பாடு என்ற இரண்டு பாடம் மட்டும் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். அவற்றை லேசாக நினைத்து அரியர் வைத்துக்கொண்டு கடைசியில் பட்டத்துக்கு அலைந்த பையன்கள் உண்டு.

சொந்தக் கடை வைப்பதுதான் கனவு என்றால் டி.பார்மே போதும், சட்டம் அதற்கு மேல் கேட்கவில்லை. அரசு மருத்துவமனை பார்மசிஸ்ட் வேலைக்கு எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்போது தகுதிப் பத்தியை வரி வரியாகப் படி. கம்பெனிக்கோ இன்ஸ்பெக்டர் வேலைக்கோ ஆசை என்றால் தாமதிக்காமல் சேர். இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. டி.பார்மிலிருந்து பார்ம்.டி.யும் சேரலாம், ஆனால் முதல் வருடத்திலிருந்து. மொத்தம் எட்டு வருடம் ஆகும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

"என் மகள் பார்ம்.டி. முடித்தால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா? சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்." – ஒரு தாய், கும்பகோணம்

அம்மா, பட்டத்தின் பெயரிலேயே டாக்டர் இருக்கிறது. ஆனால் உங்கள் மகள் நோய் கண்டுபிடித்து மருந்து எழுதித்தர முடியாது, கிளினிக் வைக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்! வார்டில் நோயாளி முன்னால் மட்டும் கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்றே சொல்லச் சொல்லுங்கள்.

"பி.பார்ம் முடித்துவிட்டு அமெரிக்காவில் பார்மசிஸ்ட் ஆக முடியுமா?" – வாசகர், திருச்சி

நேரடியாக முடியாது. அமெரிக்காவில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதிச் சான்றுக்கு, 2003 ஜனவரி 1-க்குப் பிறகு முடித்தவர்கள் ஐந்து வருடப் பாடத்திட்டம் படித்திருக்க வேண்டும். நம் பி.பார்ம் நான்கு வருடம், அங்கேயே விண்ணப்பம் நின்றுவிடும். பார்ம்.டி.க்கு அந்தச் சிக்கல் இல்லை. கனடா நான்கு வருடப் பட்டத்தை எடுத்துக்கொள்கிறது, ஆனால் அங்கே தேர்வுகள் வரிசையாக நிற்கும். வளைகுடாவுக்கு முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு, பிறகு உரிமத் தேர்வு. வேலை அனுபவமும் கேட்பார்கள். வெளிநாட்டு ஆசை உறுதியாக இருந்தால் பிளஸ் டூ முடிக்கும்போதே அதை நினைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு நினைத்தால் காலம் கடந்துவிடும்.

"கல்லூரிக்காரர்கள் அங்கீகாரம் இருக்கிறது என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?" – ஒரு தகப்பனார், கடலூர்

ஐயா, அங்கீகாரத்தில் இரண்டு படி இருக்கிறது. படிப்பை நடத்த இந்திய பார்மசி கவுன்சில் கொடுக்கும் அனுமதி ஒன்று. அந்தப் படிப்பை முடித்தவர்களைப் பார்மசிஸ்ட்டாகப் பதிவு செய்யலாம் என்று சட்டத்தின் 12-ஆம் பிரிவின்கீழ் தரும் ஒப்புதல் இன்னொன்று. புதுக் கல்லூரிக்கு முதலாவது மட்டும் இருக்கும், முதல் பேட்ச் வெளியே வரும் சமயம்தான் இரண்டாவது வரும். விளம்பரத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிடுவார்கள். கவுன்சிலின் இணையதளத்தில் கல்லூரி வாரியாக, படிப்பு வாரியாக, எந்த ஆண்டு வரை, எத்தனை இடம் என்று பட்டியல் இருக்கிறது. அதே கல்லூரிக்கு பி.பார்முக்கு ஒப்புதல் இருந்து பார்ம்.டி.க்கு இல்லாமலும் இருக்கலாம்.

பார்ம்.டி. என்றால் இன்னொன்றும் பாருங்கள். 300 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையோடு கல்லூரிக்குத் தொடர்பு இருக்க வேண்டும். ஒப்பந்தம் காகிதத்தில் இருக்கும், மருத்துவமனை பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும். சீனியர் பிள்ளைகள் இரண்டு பேரை கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பிடித்து, "வாரத்துக்கு எத்தனை நாள் வார்டுக்குப் போறீங்க?" என்று கேளுங்கள். பிரின்சிபால் அறையில் கேட்பதைவிட அங்கே சரியான பதில் கிடைக்கும்.

"தமிழ் மீடியம் அரசுப் பள்ளி. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்குமே, தாக்குப்பிடிப்பேனா?" – மாணவன், ராமநாதபுரம்

முதல் செமஸ்டர் திணறுவாய். ஆங்கில மீடியம் பிள்ளைகளும் உடற்கூறியல் பெயர்களைப் பார்த்துத் திணறத்தான் செய்வார்கள், அவர்களும் அந்தச் சொற்களை அன்றுதான் முதலில் பார்க்கிறார்கள். மருந்துப் பெயர்களை யாரும் அகராதி வைத்துப் படிப்பதில்லை. கடைசி எழுத்துகளைப் பார்த்துப் பழகு. "-ப்ரில்" என்று முடிந்தால் ரத்த அழுத்தம், "-ப்ரசோல்" என்றால் பெரும்பாலும் வயிற்று அமிலம், "-ஸ்டாட்டின்" என்றால் பெரும்பாலும் கொலஸ்ட்ரால். இந்த லீவில் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் மாலையில் உட்காரக் கேட்டுப் பார். எந்த அட்டை எந்த ராக்கில் இருக்கிறது, சீட்டில் பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ். என்றால் வேளைக்கு எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனி. முதல் வருட வாத்தியார்கள் சொல்லித்தராத பாதி அங்கேயே வந்துவிடும். விண்ணப்பக் கடைசித் தேதி தெரிந்ததும் சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்னாடியே போட்டு வாங்கிவை. போன வருடம் அதற்காக வரிசையில் நின்றே கவுன்சலிங்கைத் தவறவிட்ட பிள்ளைகள் எனக்கு எழுதினார்கள்.